"நாங்க ஃபமிலி மாதிரி"

எந்தச் சபையின் வாலிபர் குழுவிடமும் "உங்கட ரீம் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நாங்க ஃபமிலி மாதிரி." சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமையும் இருக்கும். அது பொய்யும் இல்லை. ஒன்றாய்ப் பயிற்சி எடுத்து, ஒன்றாய்க் கொத்து வாங்கிச் சாப்பிட்டு, கரோல் காலத்தில் நடுச்சாமம் வரைக்கும் ஒரே லொறியில் குலுங்கித் திரிந்தவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்?

ஆனால் எங்கட குடும்பங்கள் எப்படி இருக்கும் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மூத்தவர் சொன்னால் கதை முடிந்தது. பொம்பிளைப் பிள்ளையள் குசினிக்குள். வீட்டுக்குள் நடந்தது வெளியே போகக் கூடாது. கோபம் வந்தால் சண்டை பிடிப்பதைவிட, மாதக்கணக்கில் கதைக்காமல் விடுவதுதான் வழக்கம். யாராவது என்ன பிரச்சினை என்று கேட்டால் "ஒண்டுமில்ல" என்பதுதான் பதில். குழுவைக் குடும்பம் என்று நாம் சொல்லும்போது குடும்பத்தின் அன்பு மட்டும் உள்ளே வருவதில்லை. இதெல்லாம் சேர்ந்துதான் வருகிறது.

வாலிப ஊழியத்தில் நல்ல குழுப் பண்பாடு என்றால் என்ன என்று கேட்டால் நம்மில் பலர் உடனே "ஒருமனம்" என்று சொல்வோம். ஜெபக் குறிப்புகளில் அந்தச் சொல் வராத மாதம் இல்லை. எனக்கு அந்தச் சொல்லோடு சண்டை இல்லை. அதை நாம் பாவிக்கிற விதத்தோடுதான். நடைமுறையில் "ஒருமனம்" என்பதற்கு "எதிர்த்துக் கதைக்காதே" என்றுதான் அர்த்தம் வந்துவிட்டது. கொமிற்றிக் கூட்டத்தில் ஒருவர் "இந்தத் திகதி சரிவராது, அந்தக் கிழமை ஏ.எல். சோதினை" என்று சொன்னால், அவர் ஒருமனத்தைக் குலைக்கிறவர். எல்லாரும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து சைக்கிள் நிப்பாட்டிய இடத்தில் குசுகுசுத்தால், அது ஒருமனம்.

என்னைக் கேட்டால், ஆரோக்கியமான குழுவை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. அங்கே ஒருவர் "இல்லை, எனக்கு ஏலாது" என்றோ "இது பிழை எண்டு நினைக்கிறன்" என்றோ சொல்கிறார். அடுத்த கிழமை அவர் வருகிறபோது அவருக்கு அதே இடம், அதே சிரிப்பு, அதே வேலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் குழுவை நம்பலாம்.

பண்பாடு என்பது சுவரில் ஒட்டியிருக்கிற நோக்கம், பணிக்கூற்று இல்லை. ஏதாவது பிழைத்த பிறகு வருகிற முதல் பத்து நிமிடத்தில் அது தெரிந்துவிடும். ஒளிவிழா நடக்கிறது, நாடகத்தின் நடுவில் மைக் செத்துப் போகிறது. ஒரு குழுவில் எல்லாருடைய கண்ணும் சவுண்ட் பார்த்த பெடியன் மேல் திரும்பும். நிகழ்ச்சி முடிந்ததும் பொறுப்பாளர் அண்ணா எல்லார் முன்னாலும் "நான் எத்தினை தரம் சொன்னனான் பற்றறியைப் பார் எண்டு" என்பார். அடுத்த வருசம் அந்தப் பெடியன் சவுண்டுக்கு வரமாட்டான். வந்தாலும், ஒரு வயர் பழுதாக இருப்பது தெரிந்தால் சொல்லமாட்டான், மறைப்பான். இன்னொரு குழுவில் நடிக்கிற பிள்ளைகள் சத்தமாய்ப் பேசிச் சமாளிப்பார்கள், ஒரு அக்கா தன் ஃபோனோடு ஓடுவார், முடிந்த பிறகு சிரிப்பார்கள். பிறகு யாராவது அமைதியாய்க் கேட்பார்கள்: "என்ன நடந்தது? அடுத்த முறைக்கு ரெண்டு செற் பற்றறி வாங்குவமா?" இரண்டிலும் பிழை ஒன்றுதான்.

இதை ஆராய்ச்சியாகவே செய்தவர் ஏமி எட்மண்ட்சன் என்கிற அமெரிக்கப் பேராசிரியர். 1990களில் வைத்தியசாலைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை அவர் ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாய் இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். தரவு தலைகீழாய் வந்தது: நல்ல தலைமையும் நல்ல உறவும் உள்ள பிரிவுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. பிறகுதான் விளங்கியது, அவர்கள் அதிகம் பிழை விட்டதால் அல்ல, விட்ட பிழையை வாய்திறந்து சொல்லக்கூடியதாய் இருந்ததால்தான் எண்ணிக்கை கூடியது. மற்றப் பிரிவுகளில் பயம், அதனால் மறைப்பு. 1999இல் வெளிவந்த அவருடைய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு "உளவியல் பாதுகாப்பு" என்ற சொல் உலகம் முழுக்கப் பரவியது. அன்றிலிருந்து, "எங்கட குழுவில ஒரு பிரச்சினையும் இல்ல" என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். ஒரு பிரச்சினையும் இல்லாத குழு எங்கே இருக்கிறது? பிரச்சினை சொல்லப்படாத குழு நிறைய இருக்கிறது.

"இது கொம்பனி இல்ல, ஊழியம். உந்த மனேஜ்மென்ற் கதையெல்லாம் இங்க கொண்டு வராதீங்க" என்று ஒரு ஐயா சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. சரி ஐயா, வேதாகமத்துக்கே போவோம்.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம். ஆதிச் சபையில் பதிவான முதல் உள்வீட்டுச் சண்டைகளில் ஒன்று, அதுவும் உபதேசத்தைப் பற்றியதல்ல, சாப்பாட்டைப் பற்றியது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை. எபிரேயர் பக்கத்து விதவைகளுக்குக் கிடைத்தது. முறுமுறுப்பு எழுந்தது. எங்கட சபையில் இது நடந்திருந்தால் முதலில் ஒரு உபவாச ஜெபம் வைத்திருப்போம். பிறகு முறுமுறுத்த இஸ்ரவேலர் வனாந்தரத்தில் என்ன ஆனார்கள் என்று ஒரு பிரசங்கம். அப்போஸ்தலர்கள் அதைச் செய்யவில்லை. முறைப்பாடு உண்மைதானா என்று விதவைகளைக் கூண்டில் ஏற்றவும் இல்லை. சபையைக் கூட்டி, நீங்களே ஏழு பேரைத் தெரிவுசெய்யுங்கள் என்றார்கள். தெரிவான ஏழு பேரின் பெயரையும் வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். அதாவது, முறைப்பாடு எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்து ஆட்களின் கையிலேயே களஞ்சியத் திறப்பைக் கொடுத்துவிட்டார்கள் போலத்தான் தெரிகிறது. நான் வாசித்த எந்தத் தலைமைத்துவப் புத்தகத்திலும் இதைவிடத் துணிச்சலான தீர்வைப் பார்க்கவில்லை.

எங்கட குழுக்களில் "பொம்பிளைப் பிள்ளையளுக்கு நேரம் சரிவரேல்ல" என்று முறைப்பாடு வந்தால் என்ன நடக்கிறது? "அவையின்ர வீட்டில விடுறேல்ல, நாங்க என்ன செய்யிறது" என்பதோடு முடிகிறது. பயிற்சி இரவு ஏழு மணிக்கு வைத்தால் பஸ்ஸில் வருகிற பிள்ளைக்கு வரமுடியாது. வரமுடியாத பிள்ளைக்குப் பாட்டில் இடம் இல்லை. பாட்டில் இடமில்லாத பிள்ளைக்குக் கொமிற்றியிலும் இடமில்லை. பிறகு வருசக் கடைசியில் "லீடர்ஷிப்புக்குப் பெண்கள் முன்வருவதில்லை" என்று அறிக்கையில் எழுதுகிறோம். அந்தப் பிள்ளைதான் காலை ஆறு மணிக்கே வந்து இருநூறு பேருக்கு லஞ்ச் ஷீட்டில் பார்சல் கட்டியது. நேரத்தை முடிவு செய்கிற வேலையை அவர்களிடமே ஒரு வருசம் கொடுத்துப் பாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு பயிற்சி வரும். பெடியள் கொஞ்சம் முணுமுணுப்பார்கள். வானம் இடிந்து விழாது.

சாதியைப் பற்றி நாங்கள் கதைப்பதே இல்லை. சபைக்குள் அது இல்லை என்பது உத்தியோகபூர்வ நிலைப்பாடு. ஆனால் எந்தத் தெருப் பிள்ளை கதிரை அடுக்குகிறது, எந்தத் தெருப் பிள்ளை பொருளாளராகிறது என்று நான்கைந்து வருசத்துப் பட்டியலை வைத்துப் பார்த்தால் சில ஊர்களில் சங்கடமாய் இருக்கும். இத்தனைக்கும் இந்த மண்ணில் 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் மிசன் பள்ளிக்கூடச் சூழலில் இருந்து வந்தவர்கள். தீண்டாமை ஒழிப்பை அவர்கள் நூறு வருசத்துக்கு முன்பே மேடையில் வைத்துப் பேசினார்கள். நாங்கள் இன்றும் வட்ஸ்அப் குறூப்பில்கூட அதை எழுதப் பயப்படுகிறோம்.

இனி, கொஞ்சம் கனமான விசயம்.

உங்களில் ஆராதனைக் குழுவில் இருக்கிறவர்களுக்கு மட் ரெட்மனைத் தெரியும். அவருடைய 'த ஹார்ட் ஒஃப் வோர்ஷிப்' பாட்டின் கதையையும் யாராவது சொல்லியிருப்பார்கள்: இங்கிலாந்தில் வற்ஃபோர்ட் நகரிலுள்ள சோல் சர்வைவர் சபையில், இசை பெரிதாகி ஆராதனை சின்னதாகிவிட்டது என்று போதகர் கொஞ்சக் காலம் பான்டையும் சவுண்டையும் நிறுத்திவிட்டார், அந்த மௌனத்திலிருந்து பிறந்த பாட்டு அது என்று. அந்தப் போதகர்தான் மைக் பிலவாச்சி. 1993இல் தொடங்கிய சோல் சர்வைவர் கோடை முகாம்கள் 2019 வரை நடந்தன. பல்லாயிரம் இளைஞர்கள் அங்கே வந்தார்கள். உலகம் முழுக்க வாலிப ஊழியத்துக்கு அது ஒரு மாதிரி. இங்கே நாங்கள் பாடிய பாட்டுகள், முகாமில் இருட்டில் கைதூக்கி நின்ற அந்தப் பாணி, எல்லாவற்றிலும் அதன் சாயல் இருக்கிறது.

2023இல் முறைப்பாடுகள் வெளிவந்தன. ஜூலையில் அவர் பதவி விலகினார். செப்டம்பரில் இங்கிலாந்துத் திருச்சபை தன் விசாரணையின் முடிவை அறிவித்தது: ஆவிக்குரிய அதிகாரத்தை வைத்து மற்றவர்களைக் கட்டுப்படுத்தியதும், இளைஞர்களோடு உடல்ரீதியாக மல்லுக்கட்டியதும், பயிற்சிக்கு வந்த இளம் ஆண்களுக்கு மசாஜ் செய்ததும் உறுதியானது. மட் ரெட்மனே தானும் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2024இல் வந்த சுயாதீன அறிக்கை ஒரு தனி மனிதரோடு நிற்காமல், அவரைச் சுற்றியிருந்த அமைப்பு அவரைக் கேள்வி கேட்கத் தவறியதையும் பேசியது.

இதைப் பற்றி வாசித்தபோது மல்லுக்கட்டையும் மசாஜையும்விட வேறொரு விசயம்தான் எனக்கு மனதில் நின்றது. பலர் சொன்னது இதுதான்: ஒரு காலம் நீ அவருடைய செல்லப்பிள்ளை. காரில் பக்கத்து சீற், மேடையில் வாய்ப்பு. திடீரென்று ஒருநாள் நீ இல்லை. காரணம் சொல்லப்படாது, கண்ணே பார்க்கப்படாது. "நான் என்ன பிழை செய்தன்?" என்று இருபது வயசுப் பிள்ளை வருசக்கணக்கில் தன்னைத் தானே விசாரிக்கும்.

இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேருக்கு இது இங்கிலாந்துக் கதையாகத் தெரிகிறது? "அண்ணா இப்ப என்னோட கதைக்கிறேல்ல" என்பதை எந்த ஊர் வாலிபர் குழுவில் கேட்டதில்லை? பெரிய குற்றம் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் ஒருவருடைய முகம் பார்த்து ஒரு குழு முழுவதும் நடக்கிறபோது, அவர் எவ்வளவு அபிஷேகமுள்ளவராய் இருந்தாலும், அந்தக் குழு அப்போதே சுகவீனமாய்த்தான் இருக்கிறது. கூட்டம் பெருகுவதும், பிள்ளைகள் அழுது ஒப்புக்கொடுப்பதும், பாட்டு நல்லாய் இருப்பதும் அதை மறைத்துவிடும். சோல் சர்வைவரில் கனி இருந்தது. நோயும் இருந்தது. இரண்டும் ஒரே மரத்தில் இருக்கலாம் என்பதுதான் எங்களுக்கு ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாய் இருக்கிறது.

இங்கே ஒரு விசயத்தை நேரடியாகச் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வயசுக்குக் குறைந்த பிள்ளைகளோடு வேலை செய்கிற எந்தக் குழுவிலும், பெரியவர் ஒருவர் தனியாய் ஒரு பிள்ளையை ஏற்றி இறக்குவது, இரவு பத்து மணிக்கு மேல் தனிப்பட்ட மெசேஜ் அனுப்புவது, "இதை அம்மாட்ட சொல்லாத" என்று தொடங்கும் எந்த உரையாடலும், சாதாரண விசயம் இல்லை. செய்கிறவர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதற்காகவே இரண்டு பெரியவர்கள் என்ற விதி. ஏதாவது நடந்தால் அது சபைக்குள் தீர்க்க வேண்டிய "குடும்ப விசயம்" இல்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருபத்து நாலு மணித்தியாலமும் இருக்கிறது. ஞாயிறு பாடசாலை அறைச் சுவரில் வசனப் படத்துக்குப் பக்கத்தில் அந்த இலக்கத்தை ஒட்டினால் ஆண்டவர் கோபிக்கமாட்டார்.

மத்தேயு 18ஐ இந்த இடத்தில் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், "முதல்ல தனியாப் போய்ச் சொல்லு" என்று. அது சகோதரனுக்கும் சகோதரனுக்கும் இடையில் நடக்கிற விசயத்துக்கு. அதிகாரம் உள்ள ஒருவரால் பாதிக்கப்பட்ட பிள்ளையை அவர் முன்னாலேயே தனியாய் அனுப்புவதற்கு அந்த வசனத்தைப் பாவிப்பது அநியாயம். ஆனால் பாவிக்க வேண்டிய இடத்தில் நாம் அதைப் பாவிப்பதில்லை. ஒருவர் பயிற்சிக்குப் பிந்தி வந்தால், எண்பது பேர் இருக்கிற வட்ஸ்அப் குறூப்பில் "சிலர் நேரத்தின் அருமையை உணர்வதில்லை" என்று போடுகிறோம். அந்தச் "சிலர்" யார் என்று எண்பது பேருக்கும் தெரியும். அதற்குக் கீழே பதினேழு பேர் கைகூப்பும் இமோஜி. தனியாய் ஒரு கோல் எடுத்து "ஏன் பிந்தினது?" என்று கேட்டிருந்தால், அப்பாவுக்குச் சுகமில்லை என்று தெரிய வந்திருக்கும். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் நடக்கிற வம்பளப்பைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

பாதுகாப்பான குழு என்றால் எல்லாரையும் தடவிக் கொடுக்கிற குழு என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அதுவும் பிடிக்காது. நாலு மணிப் பயிற்சி என்றால் நாலு மணிதான். சுருதி விலகிப் பாடுகிறவரிடம் "நல்லா இருந்தது தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, அவருடைய மைக்கை மட்டும் மிக்சரில் இறக்கி வைப்பதை அன்பு என்று சொல்ல ஏலாது. அதுவும் ஒரு பொய். பக்கத்தில் கூப்பிட்டு, "இந்தப் பாட்டு உங்கட குரலுக்கு உயரம், ஒரு சுருதி இறக்கிப் பாப்பமா?" என்று சொல்கிற அண்ணாதான் அந்தத் தங்கச்சியை மதிக்கிறார். கறாராய் இருப்பதும் அவமானப்படுத்துவதும் வேறு வேறு. எங்கட பள்ளிக்கூடங்கள் இரண்டையும் ஒன்றாகவே எங்களுக்குப் பழக்கிவிட்டன. அதைத்தான் நாங்கள் குழுவுக்குள்ளும் கொண்டு வருகிறோம்.

மரியாதை பற்றிய கேள்வி இதோடு வரும். மூத்தவர்களுக்கு எதிர்த்துச் சொல்வது எங்கட பண்பாடு இல்லையே என்று. உண்மையில் எங்கட ஊரில் மரியாதையாய் மறுக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். "அண்ணா, நீங்க சொல்லுறது விளங்குது, ஆனா ஒருக்கா இப்படியும் யோசிச்சுப் பாருங்கோ" என்று அம்மம்மாமார் எவ்வளவு அழகாய்ச் சொல்வார்கள்! பயத்தில் தலையாட்டுவதற்கு மரியாதை என்று பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. பொறுப்பாளர்கள் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று உண்டு. கூட்டத்தில் தங்கள் கருத்தைக் கடைசியில் சொல்வது. முதலில் அண்ணா சொல்லிவிட்டால் பிறகு அங்கே கருத்தே இல்லை, ஆமென் மட்டும்தான். வயசில் குறைந்தவரிலிருந்து தொடங்கினால் கூட்டம் அரை மணித்தியாலம் நீளும். நீளட்டும்.

களைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தச் சபையிலும் ஒரு ஐந்து பேர் இருப்பார்கள். கீபோர்ட்டும் அவர்கள்தான், ஞாயிறு பாடசாலையும் அவர்கள்தான், பதாகை டிசைன் பண்ணுவதும் அவர்கள்தான், கதிரை அடுக்குவதும் அவர்கள்தான். அதில் ஒருவர் ஏ.எல். எடுக்கிறார், மூன்று மாதம் விடுப்புக் கேட்கிறார். "ஆண்டவருக்கு முதலிடம் குடுத்தா அவர் உன்ர படிப்பைப் பாப்பார்" என்று பதில். அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் தரம் சோதினை எழுத வருகிறபோது அதைச் சொன்னவர் பக்கத்தில் இருக்கமாட்டார். யாத்திராகமம் 18இல் மோசே காலை முதல் சாயங்காலம் வரை தனியே உட்கார்ந்து நியாயம் விசாரிக்கிறார். அதைப் பார்த்து இது நல்லதில்லை, நீயும் களைத்துப்போவாய், சனமும் களைத்துப்போகும் என்று சொன்னது யார்? வெளியூரிலிருந்து வந்த மாமனார். உள்ளே இருந்த யாருக்கும் அது தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லவில்லை. இன்னொரு சபையிலிருந்து நம்பிக்கையான அக்காவோ அண்ணாவோ ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்து பார்க்கச் சொல்வது பெரிய செலவு இல்லை. ஒரு மத்தியானச் சாப்பாடுதான்.

இலங்கையில் வாலிப ஊழியத்துக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது, மற்ற நாட்டுப் புத்தகங்களில் அது அவ்வளவாக வராது. எங்கட குழுக்களிலிருந்து ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கம்பசுக்கு, கொழும்புக்கு, கட்டாருக்கு, கனடாவுக்கு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அது இன்னும் கூடியது. ஒரு அண்ணாவின் தலைமேல் கட்டிய குழு, அவருக்கு விசா வந்த மாதமே படுத்துவிடுகிறது. பாஸ்வேர்ட்கூட அவரிடம்தான் இருந்திருக்கும். எனவே ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர், ஒருவர் செய்கிறவர், ஒருவர் பழகுகிறவர் என்று வைப்பதை ஆடம்பரமாகப் பார்க்க வேண்டாம். எங்கட நிலைமையில் அது பிழைத்திருப்பதற்கான வழி. பழகுகிறவர் பிழை விடுவார். அந்த ஞாயிறு கீபோர்ட் கொஞ்சம் தடுமாறும். சபையார் அதைத் தாங்கிக்கொள்ளப் பழக வேண்டும்.

விட்டுக் கொடுப்பது பற்றிச் சொல்லும்போது அஜித் பெர்னாண்டோவை நினைக்காமல் இருக்க முடியாது. யூத் ஃபோர் கிரைஸ்ட் இலங்கை அமைப்பை 1976 முதல் 35 வருசம் வழிநடத்தியவர். உலகம் முழுக்கப் புத்தகங்களால் அறியப்பட்டவர். 2011இல் தலைமைப் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, அதே அமைப்பில் கற்பிக்கிற பணியில் தொடர்ந்தார். விலகிப் போய்ப் புது அமைப்பு தொடங்கவில்லை. எங்கட குழுக்களில் முன்னாள் தலைவர் என்றால் ஒன்றில் சபையை விட்டே போய்விடுவார், இல்லாவிட்டால் பின்வாங்கில் இருந்து புதுத் தலைவரின் ஒவ்வொரு பிழையையும் எண்ணுவார். முன்னாள் தலைவருக்குச் செய்வதற்கு ஒரு மரியாதையான வேலையை நாங்கள் யோசித்து வைப்பதே இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

காசு விசயத்தைச் சுருக்கமாய் முடிக்கிறேன். கரோல் காசை அன்றிரவே இரண்டு பேர் எண்ண வேண்டும், கொப்பியில் எழுத வேண்டும், அடுத்த ஞாயிறு அறிவிக்க வேண்டும். "எங்களை நம்பேல்லையா?" என்று கேட்கிறவர்களுக்கு: எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைக் கொண்டு போகும்போது பவுலே தனியாய்ப் போக விரும்பவில்லை. சபைகள் நியமித்த ஆட்களையும் கூட்டிக்கொண்டார், ஒருவரும் குறை சொல்லக்கூடாது என்று. இரண்டு கொரிந்தியர் 8ஆம் அதிகாரம். பவுலைவிட நாங்கள் நம்பத்தக்கவர்கள் என்றால் கொப்பி தேவையில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: நல்ல குழுவும் உடையலாம். பவுலும் பர்னபாவும் உடைந்தார்கள். அதுவும் மாற்கு என்ற ஒரு இளைஞனைப் பற்றித்தான் சண்டை. பாதி வழியில் விட்டுப் போனவனை மறுபடி கூட்டிப் போவதா இல்லையா என்று. ஒருவர் வேலையைப் பார்த்தார், மற்றவர் பெடியனைப் பார்த்தார். யார் சரி என்று லூக்கா தீர்ப்பு எழுதவில்லை. பிரிந்து இரண்டு திசையில் போனார்கள் என்று மட்டும் எழுதி வைத்தார், மறைக்கவில்லை. பல வருசத்துக்குப் பிறகு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்கு உதவியானவன் என்கிறார். இடையில் என்ன நடந்தது, யார் யாரிடம் போய் என்ன கதைத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பர்னபா அந்தப் பெடியனைக் கைவிட்டிருந்தால் அந்த வரி எழுதப்பட்டிருக்காது என்பது மட்டும் தெரியும்.

அநேக சபைகளில் ஜனவரியில் புதுக் கொமிற்றி தெரிவு வருகிறது. முதல் கூட்டத்தில் வருசத் திட்டம் போடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். கடந்த மூன்று வருசத்தில் உங்கட குழுவிலிருந்து சத்தமில்லாமல் நின்றுபோனவர்களின் பெயர்களை எழுதுங்கள். கம்பசுக்கும் கனடாவுக்கும் போனவர்களை வெட்டிவிடுங்கள். மிச்சம் இருக்கிற பெயர்களில், ஊரிலேயே இருந்துகொண்டு வராமல் விட்டவர்களில், ஒரு ஆளைத் தெரிவு செய்யுங்கள். உங்களில் ஒருவர், பொறுப்பாளர் வேண்டாம், அந்த ஆளோடு முன்பு நல்லாய்ப் பழகிய யாராவது, போய் ஒரு பிளேன்ரீ குடியுங்கள். திரும்பி வா என்று கூப்பிட வேண்டாம், வசனம் சொல்ல வேண்டாம். ஏன் நிண்டனீ என்று கேளுங்கள். பதில் சொல்லி முடியும் வரைக்கும் குறுக்கே "ஆனா" போட வேண்டாம். கேட்டதை, பெயர் சொல்லாமல், அப்படியே அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்கள்.